அம்மா பெயரில் ஓர் எழுத்து: குழந்தையின் பாஸ்போர்ட் எங்கே சிக்குகிறது?

ஒன்றரை வயதுப் பையன். அம்மாவின் மடியில் உட்கார்ந்து அவள் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறான். மூக்கு, காது மடல், புருவம் எல்லாம் அவள் ஜாடை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பர்த் சர்டிபிகேட்டையும் அவளுடைய பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "மேடம், அம்மா பேரு டேலி ஆகலையே" என்றார்.

அந்த அம்மா என் தங்கை. சர்டிபிகேட்டில் அவள் பெயருக்கு முன்னால் எங்கள் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சர்நேமாக உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே பெண்தான் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். காகிதத்துக்குத் தெரியவில்லை. "நான்தாங்க பெத்தேன்" என்று அவள் சொன்னபோது அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "எனக்குத் தெரியுதும்மா, சிஸ்டத்துக்குத் தெரியணுமே" என்றார். ஃபைலை நிறுத்தி வைத்தார்கள். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று பாஸ்போர்ட் சேவை மையங்கள் உண்டு. எது என்று சொல்லப்போவதில்லை. எதில் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், ஏனென்றால் கோளாறு அந்தக் கட்டடத்துக்குள் இல்லை.

எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில், பெற்றோர் யார் என்று பாஸ்போர்ட் அலுவலகம் ஏன் இவ்வளவு துருவுகிறது? பெரியவர்களின் விண்ணப்பத்திலும் அப்பா பெயர், அம்மா பெயர் கேட்கிறார்கள்தான். ஆனால் அங்கே அது ஒரு கட்டம், நிரப்பிவிட்டுப் போகலாம். குழந்தைக்கு அந்தக் கட்டம்தான் அஸ்திவாரம். காரணம் குடியுரிமைச் சட்டம். பாஸ்போர்ட் சட்டம் 1967-இன்படி, இந்தியக் குடிமகன் அல்லாதவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட வேண்டும். யார் குடிமகன் என்பதைக் குடியுரிமைச் சட்டம் 1955 சொல்கிறது. அந்தச் சட்டம் பிறந்த தேதியை வைத்து ஆட்களை மூன்று வரிசையில் நிறுத்துகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பொதுவாக, பிறந்ததாலேயே குடிமகன். அப்பா யார், அம்மா யார் என்ற கேள்வி அநேகமாக இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவர் என்றிருக்க வேண்டும்.

இன்றைக்கு 18 வயது நிரம்பாத ஒவ்வொரு பிள்ளையும் இந்த மூன்றாவது வரிசைக்காரர். என் அப்பாவுக்கு எழும்பூரில் பிறந்ததே போதுமானதாக இருந்தது. அவருடைய பேரனுக்குப் பிறந்த ஊர் போதாது. அவனைப் பெற்றவர்கள் யார் என்று நிரூபித்தால்தான் அவன் யார் என்பது முடிவாகும். கவுன்ட்டரில் "டேலி ஆகலையே" என்று சொல்பவருக்கே இது மனதில் இருக்குமா என்று தெரியாது. அவர் கையில் இருக்கும் செக்லிஸ்ட்டின் அடியில் இருப்பது இதுதான்.

இந்தத் தேதிக் கோடுகள் எவ்வளவு கனமானவை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. மண்டபம் அகதிகள் முகாமில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்பதே காரணம். அந்தத் தேதிக்குப் பிறகு அதே முகாமில், அதே தாய்க்கு, அதே பாயில் பிறந்திருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்காது.

இரண்டாவது காரணம் சம்மதம். குழந்தை தானாக விமானம் ஏறாது, யாரோ ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். தாய் தந்தையர் பிரிந்திருக்கும் வீடுகளில், ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விடும் பயம் உண்மையானது. அப்படிக் கூட்டிப்போன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கென்று 1980-இல் ஹேக் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா அதில் சேரவில்லை. ஆக, பிள்ளை எல்லை தாண்டிவிட்டால் பிடித்துத் தர வழி குறைவு. தாண்டுவதற்கு முன் இருக்கும் பூட்டு பாஸ்போர்ட்தான். அதனால்தான் அனெக்சர் டி என்ற உறுதிமொழியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சம்மதம் கிடைக்காத இடத்தில், ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கி மற்றவர் அனெக்சர் சி கொடுக்க வேண்டும்.

இரண்டு காரணமும் நியாயமானவைதான். என் சண்டை அவற்றோடு இல்லை. குடியுரிமை, சம்மதம் என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் பதில் தேடும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கிறது. அது பர்த் சர்டிபிகேட்டில் தாய், தந்தை என்று இருக்கும் இரண்டு வரிகள். அந்த இரண்டு வரிகளை எழுதுவது யார், எப்போது, எதைப் பார்த்து?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி, வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் தகவல் தர வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அங்குள்ள பொறுப்பு மருத்துவர் அல்லது அவர் சார்பில் ஒருவர். 21 நாள் கெடு. தமிழ்நாட்டில் இப்போது அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆக, தகவல் தருவது மருத்துவமனை. மருத்துவமனைக்கு அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? கர்ப்பமான மூன்றாம் மாதத்தில் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் தரும் எண்) வாங்கும்போது கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொன்ன பெயர். அல்லது ஸ்கேன் ஃபைலின் அட்டையில் எழுதியிருந்த பெயர். அல்லது பிரசவ வார்டு வாசலில் நின்ற யாரோ ஒரு பெரியப்பாவோ அத்தையோ சொன்ன பெயர். பெண் உள்ளே வலியில் இருக்கிறாள். கணவன் ரத்தம் ஏற்பாடு செய்ய ஓடியிருக்கிறான். "அம்மா பேரு? அப்பா பேரு?" என்று கேட்டால் அந்த நேரத்தில் யாருக்கு எந்த ஸ்பெல்லிங் நினைவிருக்கும்?

எங்கள் வீட்டில் நடந்தது இது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தங்கை ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்குப் போனாள். ஃபைல் போட்டது எங்கள் அம்மா. அம்மாவுக்குத் தன் மகள் எப்போதும் அப்பாவின் இனிஷியலோடு இருப்பவள்தான். அப்படியே சொன்னார், அப்படியே எழுதினார்கள், அப்படியே பதிவானது. அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மாப்பிள்ளை பெயர் 'செந்தில்குமார்' என்று சேர்ந்து வந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் அது இரண்டு சொல்.

இந்தத் தலைப்பிரசவ வழக்கத்தில் இன்னொரு பின்விளைவு ஒளிந்திருக்கிறது. பிறப்பைப் பதிவு செய்வது பிறந்த இடத்தில், குடியிருக்கும் இடத்தில் அல்ல. பிள்ளை திருநெல்வேலியிலோ பட்டுக்கோட்டையிலோ பிறந்திருந்தால், பிழை திருத்தமும் அங்கேதான். பெருநகர சென்னை மாநகராட்சியில் போய் நின்று பயனில்லை. சர்டிபிகேட்டை இப்போது இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், க்யூஆர் கோடோடு வருகிறது, நல்ல வசதி. திருத்தம் மட்டும் இன்னும் பஸ் ஏறிப் போகும் காரியமாகவே இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. கிராமத்தில் வீட்டில் பிறந்திருந்தால் வி.ஏ.ஓ. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையோடு, ஓர் எழுத்துக்காக இரவு பஸ் பிடித்துத் தெற்கே போய்வந்த குடும்பங்களை நான்கைந்தாவது எனக்குத் தெரியும். அதில் ஒரு குடும்பம் இரண்டு முறை போனது, ஏனென்றால் முதல் முறை திருத்திய பிறகு அப்பா பெயரில் புதிதாக ஒரு தப்பு வந்திருந்தது.

முன்பெல்லாம் இதைச் சுற்றிப்போக வழிகள் இருந்தன. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியது. பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்று, பான் கார்டு, ஆதார், எல்.ஐ.சி. பாலிசி என்று பலவும் ஏற்கப்பட்டன. கல்யாணச் சான்று தேவையில்லை என்றார்கள். 15 அனெக்சர்கள் 9 ஆகக் குறைந்தன. நோட்டரியும் மாஜிஸ்திரேட்டும் வேண்டாம், வெள்ளைத்தாளில் சொந்தக் கையெழுத்து போதும் என்றார்கள். (இந்தக் கடைசி விஷயம் இன்னும் பலருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் அலுவலகத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் முத்திரைத்தாளில் அனெக்சர் அடித்து நோட்டரி சீலோடு கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. ஸ்டாம்ப் பேப்பர் என்றால்தான் நமக்கும் ஒரு திருப்தி.)

அந்தத் தளர்வில் ஒரு பகுதி இப்போது மறுபடி இறுகியிருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் பர்த் சர்டிபிகேட்தான் என்று 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளும் மாற்றப்பட்டன. ஆதாரைக் காட்டியோ வேறெதையாவது காட்டியோ சமாளிக்க இனி முடியாது. ஒரே ஆவணம் என்பது ஒருவகையில் நல்லதுதான், பத்துக் காகிதம் தேட வேண்டாம். ஆனால் மொத்த பாரமும் பிரசவ வார்டு வாசலில் எழுதிய அந்த இரண்டு வரிகள் மேல் வந்து இறங்கியிருக்கிறது. பிறப்புப் பதிவின்போதே பெற்றோரின் ஆதார் எண்ணையும் கேட்கிறார்கள். பிழை குறையலாம். ஆதாரிலேயே பெயர் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அடுத்த தலைமுறைக்கும் சொத்தாகப் போய்ச் சேரும்.

இதுவரை சொன்னது இந்தியா முழுக்க யாருக்கும் நேரக்கூடியது. தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. நமக்கு சர்நேம் கிடையாது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டங்கள். இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும். இந்த அமைப்பு குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் ஊர்களுக்காக உண்டானது. அப்பா பெயரில் இருக்கும் கடைசிச் சொல் பிள்ளை பெயரிலும் இருந்தால் உறவு பார்த்தவுடனே தெரிந்துவிடும். நம்முடைய முறையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கடைசிச் சொல் மாறும். சுப்பிரமணியன் மகன் கணேசன் என்று வைத்துக்கொள்வோம். எஸ். கணேசன். அவர் மகள் யாழினி, ஜி. யாழினி. பாஸ்போர்ட்டில் கணேசனின் சர்நேம் சுப்பிரமணியன். யாழினியின் சர்நேம் கணேசன். யாழினியின் அம்மா கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்தவர் என்றால் அவருடைய சர்நேம் அவருடைய அப்பா பெயர், மாணிக்கம். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று சர்நேம். நம் பார்வையில் இதைவிடத் தெளிவான வம்சாவளி கிடையாது. பெயரிலேயே அப்பா இருக்கிறார்! வெளிநாட்டு விமான நிலையத்தில் அதே மூன்று பாஸ்போர்ட்டைக் காட்டினால், இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்பார்கள்.

இதைத் தவிர்க்கச் சிலர் அப்பாவின் சர்நேமையே பிள்ளைக்கும் போடுகிறார்கள். அப்போது யாழினி சுப்பிரமணியன், அதாவது தாத்தாவின் பெயர். பள்ளிக்கூடத்தில் ஜி, பாஸ்போர்ட்டில் எஸ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரும்போது அடுத்த கூத்து தொடங்கும். இன்னும் சிலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். அதற்கும் 2022 நவம்பரில் ஓர் அடி விழுந்தது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய்க்குப் பேரனைப் பார்க்கக் கிளம்பிய தமிழ்ப் பாட்டிகளுக்கு அந்தச் சில நாட்கள் எப்படிப் போயிருக்கும்!

பெண்களுக்கு இது இன்னும் ஒரு சுற்று. பிறந்ததும் அப்பா இனிஷியல், கல்யாணமானதும் கணவர் இனிஷியல் என்று மாற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. எல்லா ஆவணத்திலும் ஒரே நாளில் யாரும் மாற்றுவதில்லை. சான்றிதழ்களில் பழையது, ரேஷன் கார்டில் புதியது, பேங்க்கில் அந்த கிளார்க் எப்படி எழுதினாரோ அப்படி. அதனாலேயே குழந்தை பாஸ்போர்ட்டில் டேலி ஆகாமல் போவது பெரும்பாலும் அம்மா பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் பெற்றாள் என்பதில் உலகத்தில் யாருக்கும் ஐயம் வராத ஒருத்தி, காகிதத்தில் மட்டும் ஐயத்துக்கு உரியவள் ஆகிவிடுகிறாள்.

பிறகு ஸ்பெல்லிங். தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதம். 'ழ' வந்தால் இசட்-ஹெச் போடுவோரும் உண்டு, வெறும் எல் போதும் என்போரும் உண்டு. 'த'வுக்கு டி-ஹெச்சா, வெறும் டி-யா? லட்சுமிக்கு நடுவில் கே-எஸ்-ஹெச்சா, டி-சி-ஹெச்சா? எண்கணித ஜோசியர் சொன்னார் என்று கூடுதலாக ஒரு ஏ சேர்த்துக்கொண்ட அப்பாக்கள் தனி ரகம். அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம் இல்லை. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். தமிழில் பார்த்தால் எல்லாம் ஒன்றேதான். சரிபார்ப்பதோ ஆங்கில எழுத்தை.

சட்டம் தகப்பனை எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்த்தால் இந்த எழுத்துச் சரிபார்ப்பு இன்னும் விநோதமாகத் தெரியும். பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் 116: செல்லுபடியாகும் திருமணத்தின்போது பிறந்த பிள்ளை, அல்லது திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த பிள்ளை, அந்தக் கணவனுடைய பிள்ளைதான். இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் ஒழிய, அதற்கு மேல் பேச்சில்லை. டி.என்.ஏ. சோதனையைக்கூடச் சகஜமாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலும் 2023-இலும் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் மானம் கோர்ட்டில் கந்தலாகக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆக, நீதிமன்றத்தில் அப்பா யார் என்பதைத் தாலியே சொல்லிவிடும். ரத்தத்தைக் கூடக் கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட் கவுன்ட்டரில் ரத்தமும் தேவையில்லை, தாலியும் தேவையில்லை. ஸ்பெல்லிங் வேண்டும்.

அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், காகிதங்கள் போதாத இடத்தில் அவர்களுடைய தூதரக அதிகாரிகள் டி.என்.ஏ. சோதனையைப் பரிந்துரைப்பது உண்டு. ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகத்தில் இப்படி ஒரு நிலை வந்தால் செலவு, அலைச்சல், அவமானம் எல்லாம் உண்டு. என்றாலும் அங்கே கேள்வி நேரடியானது: இது உன் பிள்ளைதானா? நம்மூரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

அப்பா இல்லாத வீடுகளின் கதை வேறு. அதில் சட்டம் கொஞ்ச தூரம் நடந்து வந்திருக்கிறது. இந்து மைனர் பாதுகாவலர் சட்டம் 1956, பிள்ளையின் இயல்பான காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய் என்றது. 'அவருக்குப் பிறகு' என்றால் அவர் செத்த பிறகு என்றே பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாய்தான் காப்பாளர் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் விளக்கியது. திருமணமாகாத தாய், பிள்ளையின் தந்தை யார் என்று வெளியிட வேண்டியதில்லை, அவள் உறுதிமொழி கொடுத்தால் பர்த் சர்டிபிகேட் தர வேண்டும் என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு, தாயின் பெயர் மட்டும் இருந்தாலும் பாஸ்போர்ட் தரலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த டிசம்பரில் வந்த விதித் தளர்வில், அப்பா, அம்மா, காப்பாளர் மூவரில் ஒருவர் பெயர் போதும் என்பதும் சேர்ந்தது.

விதி மாறிய வேகத்தில் கவுன்ட்டர் மாறுவதில்லை. துணை இல்லாமல் பிள்ளையைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண், என்னோடு வேலை பார்த்தவர், அனெக்சர் சி-யோடு போனார். "அப்பா எங்கே?" என்ற கேள்வி மூன்று மேஜையில் மூன்று முறை வந்தது என்றார். ஏ கவுன்ட்டரில் இருப்பவர்கள் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஆட்கள், காகிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றுபவர்கள். பி-யிலும் சி-யிலும் அரசு அதிகாரிகள், சரிபார்ப்பதும் முடிவெடுப்பதும் அவர்கள்தான். ஏ-யில் சொல்லிய விளக்கம் சி வரை போய்ச் சேராது. ஒவ்வொரு இடத்திலும் புதிதாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரிசையில் நிற்கும் நான்கு குடும்பங்கள் கேட்கும்படி. "மூணாவது தடவை சொல்றப்ப எனக்கே கதை மாதிரி ஆயிடுச்சு" என்றார். அவருக்கு பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, தடங்கல் எதுவும் இல்லை. எனக்குச் சொல்லும்போது அவர் நினைவில் இருந்தது அந்த மூன்று முறைதான்.

விவாகரத்து ஆனவர்கள் தீர்ப்பு நகலைக் காட்டலாம், பிள்ளை யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தால் வேலை சுலபம். வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள்தான் நடுவில் மாட்டுவார்கள். பெரும்பாலும் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். தத்தெடுத்தவர்களைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. முறைப்படி தத்தெடுத்திருந்தால் பெற்றோர் பெயரில் புது பர்த் சர்டிபிகேட்டே கிடைத்துவிடும். யோசித்துப் பார்த்தால், மாவட்ட ஆட்சியர் உத்தரவோடு, ஒவ்வொரு எழுத்தும் பார்த்துப் போட்ட சர்டிபிகேட் அது. பெற்றெடுத்தவர்களின் சர்டிபிகேட்டை விட அதில் பிழை குறைவாகத்தான் இருக்கும்.

எங்கள் மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற உறுதிமொழியை அனுப்ப வேண்டும். அதற்கு அவர் அரை நாள் லீவு போட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, கூரியரில் அனுப்பி வைத்திருந்தார். அதைத்தான் நாங்கள் பெரிய மலை என்று நினைத்துக்கொண்டு போனோம். அதை அந்த அதிகாரி ஒரு நொடி பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். சிக்கியது சொந்த ஊரில், சொந்த அம்மா சொன்ன ஒற்றை இனிஷியலில்.

இனி, போகப்போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதில் சில. பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி, கர்ப்ப ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். பிக்மி எண் வாங்கும்போதே அதே பெயர். தங்கைக்கோ மகளுக்கோ பிரசவம் பார்க்கக் கூடப் போகும் பெரியவர்களிடம் ஒரு நகல் இருக்கட்டும். குழந்தையின் பெயரை முடிவு செய்யவில்லை என்றால் பதற வேண்டாம், பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பதிவையே விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ளவரின் உத்தரவு வரை போக வேண்டும், நம்மூரில் அது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம்.

எழுத்துப் பிழை, இனிஷியல் விடுபட்டது போன்றவற்றை பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம், பெற்றோர் இருவரின் ஆவணங்களும் ஓர் உறுதிமொழியும் வேண்டும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதுவார்கள். அப்பா பெயரையே வேறொருவர் பெயராக மாற்றுவது இந்தக் கணக்கில் வராது, அது நீதிமன்ற வேலை. இனிஷியல் விரிவுக்காக அரசிதழில் விளம்பரம் கொடுத்து, பெயரையே மாற்றிக்கொண்ட ஒருவரைத் தெரியும். கொசுவை அடிக்கப் பீரங்கி. அது அவருடைய மற்ற எல்லா ஆவணங்களையும் பழையதாக்கிவிட்டது.

கவுன்ட்டரில் அவசரத்துக்குச் சமாளிக்க, தெரிந்தே தப்பான விவரம் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இனிஷியல் இடம் மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்று சொல்லி, இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழியைக் கையில் வைத்துக்கொள்வது மேல். சில அதிகாரிகள் அதை ஏற்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஏற்கவில்லை.

தங்கை திருநெல்வேலிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் பையன் இரவெல்லாம் தூங்கவில்லை. அலுவலகத்தில் இருந்த அம்மாள் பதிவேட்டைப் புரட்டி, எங்கள் அம்மாவின் கையெழுத்துள்ள தகவல் படிவத்தை எடுத்துக் காட்டினார். "உங்க அம்மா தெளிவா சொல்லியிருக்காங்களே, இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். தப்பு எதுவும் இல்லை என்று நாங்களும் சொன்னோம். திருத்திக் கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. மைனர் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருடம் ஆயுள், அதற்குள் 18 நிரம்பினால் அதுவரை. அடுத்த முறையும் இரண்டு கையெழுத்து, மறுபடி மஸ்கட் தூதரகம், மறுபடி டேலி. மாப்பிள்ளை இப்போது ஆதாரில் தன் பெயரின் நடுவில் இடைவெளி விடுவதற்கு விண்ணப்பித்திருக்கிறார். இரண்டாவது பிள்ளைக்கு மார்ச்சில் நாள் குறித்திருக்கிறார்கள். இந்த முறை ஃபைல் போடப் போன அம்மாவிடம் தங்கை ஒரு சீட்டுக் கொடுத்தாள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா பேரைக் காணோமே" என்றார்.